கலிங்கு பார்க்கப் போன கூட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஓர் அருவி கிடையாது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறும் கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு எல்லாமே மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் செந்தண்ணீராகப் புரண்டு ஓடும். மாசி பிறந்தால் மணல்தான். ஆனாலும் தண்ணீர் பார்க்கக் கூட்டம் கூட்டமாக நடந்துபோகிற வழக்கம் எங்கள் அரிமளம் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்தது. குற்றாலத்துக்கும் கொல்லிமலைக்கும் வேன் வைத்துப் போகிற பழக்கம் வருவதற்கு முன்னால் நாங்கள் போனது கலிங்குக்கு.

கண்மாய் நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்காகக் கல்லால் கட்டிவிட்ட வழிதான் கலிங்கு. அதன் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். கண்மாய் பெருகி, அந்தக் கற்களுக்கு நடுவே தண்ணீர் வழிந்து அந்தப் பக்கம் விழத் தொடங்கினால் ‘மறுகால் போகுது’ என்று ஊருக்குள் சேதி வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வயசாளிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் புறப்பட்டுவிடுவார்கள். மடியில் அவித்த கடலை இருக்கும். விழுகிற உயரம் இடுப்பளவோ ஆளுயரமோதான். ஆனால் எட்டு மாதம் வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த இரைச்சலே போதும். கலிங்குக்குக் கீழே பையன்கள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறுகிற கெண்டை துள்ளி வந்து துண்டில் விழும்.

சின்ன வயதில் நானும் இந்தக் கூட்டத்தில் போனவள்தான். எங்கள் அப்பத்தா முட்டிவலிக்காரி, வர முடியாது. ஆனால் அனுப்பும்போதே வேலை சொல்லி அனுப்புவாள்: “ஏத்தா, போனமா வந்தமான்னு இருக்காத. குமிழிக் கல்லு எம்புட்டு முங்கியிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு.” கண்மாய்க்குள் நிற்கிற கல்தூணைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். திரும்பி வந்ததும் என் தோளில் கைவைத்து, இதுவரைக்குமா, இதுக்கு மேலேயா என்று கேட்பாள். அந்த அளவை வைத்து எத்தனை நடைக்குத் தண்ணீர் வரும், தை மாதம் வரை பயிர் தாங்குமா என்று வீட்டில் பேச்சு நடக்கும். வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைதான் வீட்டுக்கு நீர்க்கணக்கும் கொண்டுவந்தது.

பெரியவர்கள் போன வழியே திரும்ப மாட்டார்கள். கலிங்கிலிருந்து கரைமேல் ஏறி, கண்மாய்க் கரை முழுவதையும் நடந்துதான் ஊருக்குள் வருவார்கள். கையில் கம்பு இருக்கும். நண்டு வளை, எலி வளை தென்பட்ட இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். வெளிப்பக்கச் சரிவில் புல் மட்டும் தனியாகப் பச்சை கட்டியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கல்லையோ கிளையையோ அடையாளத்துக்குப் போட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லுவார்கள். உல்லாசமா காவலா என்று அந்த நடையைப் பிரிக்கவே முடியாது. இந்த வழக்கத்தின் வரலாற்றைத் தேடத் தேட எனக்குப் பிடிபட்ட சேதி இதுதான். தண்ணீர் அரிதான சீமையில் அதைப் பார்க்கப் போவதும் அதைப் பார்த்துக்கொள்வதும் ஒரே காரியமாக இருந்தது.

வரலாறு கற்பித்த ஆசிரியை என்பதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது எனக்குத் தொழிலாகவும் ஆனது. கண்மாய்க்குள் தனியாக நிற்கிற இரண்டு உயரமான கல்தூண்களை முதலில் காட்டுவேன். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களை இணைத்துக் குறுக்குக் கற்கள். அடியில் மூடிய கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, பக்கவாட்டில் தரைமட்டத்தில் சிறு துளைகள். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தெளிந்த தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகும். கீழ்த்துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து வெளியேறும். நீர் வாங்கும்போதே வண்டலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிற ஏற்பாடு. பெருகிக் கிடக்கிற கண்மாயில் முங்கிப்போய் அந்தக் கல்லைத் தூக்குவது உயிர் போகிற வேலை. அதைச் செய்தவர்களுக்கு ஊர் மானியம் கொடுத்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அதைப் புரட்டினால் குளம் வெட்டியது, மடை கட்டியது, குமிழி வைத்தது என்று தண்ணீர்ச் செய்திகள் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கு மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. அருவி இல்லாத குறையை இந்த மண்ணின் மக்கள் மண்வெட்டியால் தீர்த்துக்கொண்டார்கள்.

கூட்டமாக நீர்நிலைக்குப் போகிற காட்சியின் மிகப் பழைய படம் ஒன்றும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. சித்தன்னவாசல் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். என்னவென்று தெரிந்து பார்த்தவர்கள் குறைவு. அறிவர் கோயில் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. பச்சை இலைகள் மண்டிக் கிடக்க, நடுநடுவே விரிந்த பூவும் மொட்டும். மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். அவற்றுக்கிடையே மூன்று மனிதர்கள். ஒருவர் பூப்பறிக்கிறார், கையில் பூக்கூடை தொங்குகிறது. இன்னொருவர் தாமரையைத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். சமணர்களின் சமவசரண மண்டபத்துக்குத் தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகிற பவ்வியர்கள் இவர்கள். போகிற வழியில் நீர்நிலையில் இறங்கிக் கைகால் கழுவி, பூப்பறித்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். பயணத்தின் நடுவே தண்ணீரில் இறங்கிவிட்ட கூட்டத்தின் முகத்தில் இருக்கிற அந்த நிறைவை ஓவியர் எங்கே பார்த்திருப்பார்? இந்தப் பக்கத்துக் குளங்களில்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், 9ஆம் நூற்றாண்டு. இப்படி ஓர் ஓவியம் இருப்பதைத் தம் நூலில் முதலில் குறித்தவர் புதுக்கோட்டைக்காரரான எஸ். ராதாகிருஷ்ண ஐயர், ஆண்டு 1916. அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது.

அதே குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய குழிகளில் கால்வைத்து ஏறிப் போனால், சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் வழவழவென்று தேய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் இருக்கிற தமிழி எழுத்து கிறிஸ்துவுக்கு முந்தையது. எருமைநாட்டிலிருந்து வந்த ஒருவருக்காக அந்தப் படுக்கை செய்யப்பட்டதைச் சொல்கிறது. மைசூர்ப் பக்கத்து ஆள் இந்த வறண்ட பாறைக்கு வந்து தங்கியிருக்கிறார். தங்க முடிந்ததற்குக் காரணம் பாறை மேலே இருக்கிற சுனை. நாவல் மரம் ஒட்டிய அந்த நாவச்சுனையில், தண்ணீருக்குள் மூழ்கினபடி ஒரு சின்னக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினாலோ ஆள் வைத்து இறைத்தாலோதான் கண்ணுக்குத் தெரியும்.

திருச்சி சாலையில் இருக்கிற நார்த்தாமலையிலும் இதே அமைப்புதான். விஜயாலய சோழீசுவரத்துக்குப் போகிற பாறைச் சரிவில் தலையருவிச் சிங்கம் என்கிற சுனை. அதற்குள்ளும் மூழ்கிய குடைவரை, அதற்குள் ஜுரஹரேசுவரர். ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் (1839–1886) சுனையை இறைத்து ராணி வழிபட்டதைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆள் நின்று இறைத்திருப்பார்கள், எத்தனை பேர் பாறை முழுக்க உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று அங்கே போகும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன். மழைக்காலத்தில் போனால் பாறை நெடுக மெல்லிய நீர்த்தாரை வழிந்து சுனைக்குள் இறங்கும். பெயரில் இருக்கிற அருவி அதுதான்; மழை விட்டுச் சில நாழிகையில் நின்றுபோகும். ஆனால் இந்தச் சீமையின் மழையை இளக்காரமாக நினைக்கக் கூடாது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன் கட்டிய அந்தக் கற்றளியே மழையில் இடிந்து, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பெய்யாமல் கெடுப்பதும் பெய்து கெடுப்பதும் இந்த மண்ணுக்குப் பழகியவை.

அரிமளம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. கூட்டமாக நடப்பதை ஓர் ஒழுங்காகவே கடைப்பிடித்தவர்கள் அவர்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்குக் காவடியோடு நடக்கிற அவர்களின் பாதயாத்திரை நானூறு வருடத்துக்கும் மேலான வழக்கம் என்பார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் சொந்த ஊர்களில் ஊருணிகளை வெட்டிப் படிக்கட்டு கட்டியவர்களும் அவர்களே. ஊருணி குடிதண்ணீருக்கு மட்டும். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, செருப்போடு இறங்கக் கூடாது. சாயந்தரம் பெண்கள் கூட்டமாகக் குடத்தோடு போய்வருவதுதான் அந்தக் காலத்தில் அவர்களுக்கு வாய்த்த வெளியுலகம். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் 1878இல் சமாதியானதும் அரிமளத்தில்தான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளைக்குக் குருவாக இருந்தவர். தாமிரபரணிக் கரையில் வற்றாத தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர், கண்மாய்த் தண்ணீர் குடிக்கிற ஊரில் வந்து தங்கிவிட்டார். குருபூசைக்கு வெளியூர்களிலிருந்து இன்றும் அன்பர்கள் வருகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஊரே ஒன்றாய்க் கூடிப் போனது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். கண்மாய்க் கரையில் எல்லோரும் நடந்தார்கள். கரை உடைந்தால் மண் சுமக்கப் பட்டியல் சமூகத்து ஆட்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஆனால் ஊருணிப் படியில் அவர்கள் கால் வைக்க முடியாத ஊர்கள் பல இருந்தன. குமிழிக் கல்லைத் தூக்க உயிரைக் கொடுத்து முங்கியவருடைய பெண்டாட்டி குடத்தோடு ஓரமாக நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்த காலத்தைப் பற்றி என் மாணவிகளின் பாட்டிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முடிந்துபோன கதையும் இல்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. தண்ணீரின் வரலாற்றை எழுத உட்கார்கிற எவரும் இதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது.

மீன்பிடித் திருவிழா இதற்கு ஓரளவு விலக்கு. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் நாள் குறிப்பார்கள். சுற்றுவட்டாரத்துக்கே சேதி போகும். விடியற்காலையிலேயே கரை முழுக்க ஆட்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கச்சா, அரிவலை, தூரி என்று கைக்கு ஒன்று. எனக்குப் பிடித்தது ஊத்தா. மூங்கில் சிம்புகளைப் பின்னிச் செய்தது. அடி அகலம், வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறந்திருக்கும். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு மீன் தெரியாது. குத்துமதிப்பாக ஊத்தாவைச் சேற்றில் அழுத்திக் கவிழ்ப்பார்கள். உள்ளே மீன் சிக்கியிருந்தால் சிம்பில் மோதும். பிடித்திருக்கிற கைக்கு அந்த அதிர்வு தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் வழுக்கிக்கொண்டு ஓடும், கெளுத்தி முள்ளால் குத்தும். அன்றைக்குப் பிடித்தவை பிடித்தவருக்கே சொந்தம், விற்பனை இல்லை. யார் எந்த ஊர் என்ற கேள்வி இல்லாமல் எல்லோரும் ஒரே சேற்றில் நின்ற நாள் வருடத்தில் அது ஒன்றுதான். ஆயிரம் கால்கள் மிதித்துக் கிளறிய வண்டல் பிறகு வண்டி வண்டியாக வயலுக்குப் போகும், கண்மாயும் ஆழப்படும். ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கிற குடிமராமத்து என்று சட்டம் போட்டுச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கு இப்படிக் கொண்டாட்டமாகவே முடிந்தது. பக்கத்துச் சென்னை ராஜதானியில் அதைக் கட்டாயமாக்க 1858இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சமஸ்தானத்தில் சேஷய்யா சாஸ்திரி திவானாக இருந்தபோது (1878–1894) நகரத்துக் குளங்களைத் தூர்வாரிப் படிகட்டியதைப் பெருமையாகச் சொல்வார்கள், நியாயமான பெருமைதான். ஆனால் கிராமத்துக் கண்மாய்களைக் காத்தவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

பெண்கள் தாங்களாகவே கூட்டமாகக் கிளம்பிப் போனதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டமான ஆண்டு உண்டு: 1991. அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிளும் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. கல்லுடைக்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் பொட்டலில் விழுந்து எழுந்து பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனது நாடறிந்த செய்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம், பின் கேரியரில் குடத்தைக் கட்டலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நானும் அந்த இயக்கத்தின் தொண்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுப் பெண்கள் “டீச்சர், சைக்கிள எடுத்துக்கிட்டுத் திருமயம் வரைக்கும் போய்ட்டு வருவமா?” என்று கேட்டார்கள். வேலைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. சும்மா பார்த்துவிட்டு வர. 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டையை அவர்கள் தினமும் பஸ்ஸில் தாண்டியிருக்கிறார்கள், ஏறினதில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். பாறை உச்சியில் பீரங்கி இருக்கிற மேடையில் நின்றதும், ஆளுக்கு ஒரு பக்கம் கைநீட்டிக் கண்மாய்களுக்குப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். எந்தக் கண்மாய் நிரம்பினால் எதற்குத் தண்ணீர் போகும், எந்தக் கலிங்கு எந்த வாரியில் விழும் என்று அவர்களுக்குள் வாதம் வந்தது. எனக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத சங்கிலித் தொடரை, அப்போதுதான் கையெழுத்துப் போடக் கற்றிருந்த பெண்கள் எனக்கு விரித்துக் காட்டினார்கள். புதுக்கோட்டையின் நீர் வரலாற்றை நான் படித்தது அந்தப் பாறை மேலேதான் என்று சொல்வேன்.

இப்போது ஊர்ப் பிள்ளைகள் மலையேற்றம் என்று போகிறார்கள். புளியஞ்சோலை, பச்சைமலை, ஏற்காடு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நடக்கிற கால் எங்கே நடந்தாலும் நல்லது. ஆனால் தெரியாத காட்டில் கூட்டமாகப் போவதன் ஆபத்தையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வரையறுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டோரத்து மக்களை வழிகாட்டியாக வைத்தது எனக்குப் பிடித்த செய்தி. எந்தப் பாறை வழுக்கும், எந்த மாதம் புல் காய்ந்து தீப்பிடிக்கும் என்பது அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் வேறொரு ஆபத்து: கைவிட்ட கல்குவாரிகள். நீலமாகத் தண்ணீர் நிற்கும், படிக்கட்டு கிடையாது, ஆழம் தெரியாது. கண்மாயில் நீந்திப் பழகாத பிள்ளைகள் அங்கே போய்க் குதிக்கிறார்கள். பெற்றோர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

கண்மாயில் ஏன் பழகவில்லை என்றால், கண்மாய் நிரம்புவதில்லை. மழை குறைந்தது ஒரு காரணம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துவாரி அடைபட்டது பெரிய காரணம். அரிமளத்தைச் சுற்றி முன்பு புதர்க்காடு இருந்தது. அதில் பெய்த மழை வழிந்து சிற்றோடையாகி வாரியில் சேரும். அந்த இடங்களில் தைலமரம் நட்ட பிறகு, மழைநீரை மரத்துக்குத் தேக்க உள்ளே வரப்புப் போட்டார்கள். தண்ணீர் கீழே இறங்கவில்லை. தைலமரக் காடுகளை அகற்றக் கோரி இந்தச் சுற்றுவட்டார விவசாயிகள் பல வருடமாகப் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால், பிள்ளைகளோடு நான் நடக்கிற எங்கள் நடைக்குழு திசையை மாற்றிக்கொண்டது. கலிங்குக்குப் போவதற்குப் பதிலாக, மழைக்கு முன்னால் புரட்டாசியில் வரத்துவாரியின் மேல்முனைக்குப் போகிறோம். கிராம வரைபடத்தின் நகலும் கம்பும் அரிவாளும் கொண்டுபோவோம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு வாரி முடியும். வாரி எங்கே வளைகிறது, எங்கே கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே வரப்பு குறுக்கிடுகிறது என்று பிள்ளைகள் வரைபடத்தில் குறிப்பார்கள். புதரை நாங்களே வெட்டுகிறோம். வரப்பு மறிக்கிற இடங்களைப் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு மனுவில் சேர்க்கிறோம். வயசாளிகள் யாராவது ஒருவர் கூட வர வேண்டும் என்பது எங்கள் விதி. வாரியே தெரியாமல் மூடிப்போன இடத்தில் நின்று, “இங்கிட்டுத்தான்ப்பா ஓடுச்சு” என்று கைகாட்ட அவர்கள்தான் வேண்டும். போன முறை காட்டிக்கொடுத்த பெரியவர் சொன்ன இடத்தில் தோண்டியபோது இரண்டடி ஆழத்தில் ஆற்றுமணல் வந்தது. அந்த இடத்தையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.